சுவிட்சுக்குள் அதிகாரப் பங்கீடு

ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ உள்ள நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றுசேர்த்து, ஒன்றிலிருந்து புறப்படும் தகவல் உரிய இடத்தையே சென்றடையுமாறு வழிப்படுத்துகின்ற சுவிட்ச் என்னும் சாதனத்தைப் பொதுஜனங்கள் கவனிப்பதில்லை. ஆயினும் அதன் நிர்வாகக் கட்டளைகளுள் ஒன்று பிழையாக இடப்பட்டால் ஒரு மாடி முழுவதும் வேலை ஸ்தம்பித்துவிடும். ஆகவே அக்கட்டளைகளை இடும் உரிமை யாருக்கு, எந்த அளவில் என்பதை வரையறுப்பது, கம்பிகளை இணைப்பதைவிட முக்கியமான காரியம் என்றே நான் கருதுகிறேன்.

சுவிட்சுகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் பழைய முறையில் அதிகாரம் 0 முதல் 15 வரை படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. 1ஆம் படியில் இருப்பவர் சிலவற்றைப் பார்க்கலாம். 15ஆம் படியில் இருப்பவர் எதையும் செய்யலாம். மேற்படியில் நிற்பவருக்குக் கீழ்ப்படிகளின் உரிமைகள் யாவும் தாமாகவே வந்துசேரும் என்பதனால், சம ஸ்தானமுடைய இருவருக்கு வெவ்வேறு வேலைகளைப் பிரித்துக் கொடுக்க இம்முறை இடந்தரவில்லை.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு, உரிமையைத் தனி மனிதருக்கு அன்றிப் பணிப் பொறுப்புக்கே வழங்கி, அப்பொறுப்பை மனிதருக்கு அளிக்கும் முறையை வகுத்துரைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போனாலும் கொடியசைக்கும் அதிகாரம் அந்த ஸ்தானத்திலேயே தங்கிவிடுவதைப் போன்றதே இது.

சிஸ்கோவின் நெக்சஸ் வகைச் சுவிட்சுகளில் இத்தத்துவம் தெளிவாக அமைந்திருக்கிறது. முழு அதிகாரமுடைய நெட்வொர்க்-அட்மின், பார்க்க மட்டும் உரிமையுடைய நெட்வொர்க்-ஆபரேட்டர் என்னும் பொறுப்புகள் முன்னரே அமைந்துள்ளன. இவற்றை மாற்ற இயலாது. இவை போதாதபோது நிர்வாகி புதிய பொறுப்பு ஒன்றைப் படைத்து, அதற்கு 256 வரை விதிகளை எழுதலாம். இன்ன போர்ட்டுகளை (கம்பி செருகும் வாய்களை), இன்ன விலான்களை (தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட உள் வலைப்பின்னல்களை) மட்டுமே தொடலாம் என்ற எல்லையும் கட்டலாம்.

விதிகளுக்கு எண் உண்டு. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கியே அவை பரிசீலிக்கப்படும். 1ஆம் விதி அனைத்தையும் அனுமதித்து, 2ஆம் விதி சுவிட்சை மறுபடி துவக்கும் கட்டளையை மட்டும் மறுத்தால், மறுப்பு முதலில் பார்க்கப்பட்டு நாம் விரும்பியது நிகழும். எண்களை மாற்றிப் போட்டாலோ, அனுமதி முந்திக்கொள்ள மறுப்பு பயனற்றதாகிவிடும்.

இதனினும் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது மற்றொன்று. ஒருவருக்கு இரண்டு பொறுப்புகள் அளிக்கப்பட்டால், அவற்றின் அனுமதிகள் யாவும் ஒன்றுசேர்கின்றன. ஒன்றில் மறுக்கப்பட்டது மற்றொன்றில் அனுமதிக்கப்பட்டிருந்தால் அனுமதியே வெல்லும். பயிற்சி பெறுபவர் ஒருவருக்கு எவ்வளவு கவனமாக மறுப்பு விதிகளை எழுதியிருந்தாலும், அவசர வேலைக்கென்று அளித்த இரண்டாவது பொறுப்பு அவ்வளவையும் கரைத்துவிடக் கூடும். அதனால் ஒருவருக்கு ஒரே பொறுப்பு என்பதை நியமமாகக் கொள்வதே உத்தமம். தற்காலிக ஊழியராயின் அவருடைய கணக்குக்கு முடிவுத் தேதியும் குறித்துவிடலாம், அந்த வசதி சுவிட்சிலேயே உண்டு.

சுவிட்சுகள் பலவாகப் பெருகும்போது ஒவ்வொன்றிலும் தனித்தனியே பயனர்களை எழுதுவது சாத்தியமன்று. அங்கே டாக்காக்ஸ் பிளஸ் என்னும் நெறிமுறையின் வழியே மத்திய சர்வர் ஒன்று, வந்தவர் இன்னார் என்பதையும் அவருடைய பொறுப்பு எது என்பதையும் சுவிட்சுக்கு அறிவிக்கும். இடப்பட்ட கட்டளைகளின் குறிப்பையும் சேமித்துவைக்கும். அந்தச் சர்வரை அணுக முடியாத வேளைக்காகச் சுவிட்சிலேயே உள்ளூர் நிர்வாகக் கணக்கொன்றை, கடினமான கடவுச்சொல்லுடன், வைத்திருப்பது அவசியம்.

சுவிட்சில் கணக்குடைய ஒருவரின் பொறுப்பை மாற்றினால், அம்மாற்றம் அவர் மறுமுறை உள்நுழையும்போதுதான் செல்லுபடியாகும். ஏற்கெனவே திறந்திருக்கும் தொடர்பில் பழைய அதிகாரமே நீடிக்கும். ஆதலின் ஒருவரிடமிருந்து உரிமையைத் திரும்பப் பெறும் நிர்வாகி, அவ்வேளையிலேயே தொடர்பிலிருப்போர் பட்டியலைப் பார்த்து, அவருடைய தொடர்பையும் துண்டித்துவிட வேண்டும்.