மலை ஏறுவார்க்கு ஓர் ஆற்றுப்படை

வன்னி நிலம் குளமும் வயலும் காடும் பொருந்திய சமதரை. நெளுக்குளத்துப் பிள்ளைக்குக் குளக்கட்டே பெரும் உயரம். ஆதலின் விடுமுறை வந்ததும் மலை காணும் வேட்கை எம்மவரிடத்து எழுதல் இயல்பே. ஆசிரியரும் மாணவரும் அயலாருமாக ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். எந்த மலை, எந்த வழி, வண்டியை எங்கே விடுவது, எப்போது இறங்குவது என்னும் நான்கு வினாக்களைப் புறப்படுமுன் எழுப்புவோர் மிகச் சிலர்.

இவ்வினாக்கள் தமிழுக்குப் புதியன அல்ல. பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது, பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கூத்தன், அவனிடம் செல்லக் கருதும் வேறொரு கூத்தனுக்கு மலைவழியை விரித்துரைப்பதாக அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியிற் கிடத்தலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்லுக என்கின்றான். தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு மரத்தின் பின் ஒதுங்குக என்கின்றான். பாசி படர்ந்து அடி வழுக்கும் இடத்தே மூங்கிற் கோலையும் கோரைத் தண்டையும் பற்றிக் கடக்கச் சொல்கின்றான். வழி பிரியும் இடத்தே, பின்வருவோர் மயங்காவண்ணம் புல்லை முடிந்து அடையாளமிடவும் சொல்கின்றான்.

இவற்றைச் சொல்பவன் போய் மீண்டவன் என்பதை நோக்குக. மீளுதலையும் எண்ணியே வழியைத் தேர்தல் வேண்டும் என்பதே யான் இதிலிருந்து கொள்ளும் பாடம். உச்சியை அடைதல் பயணத்தின் பாதி. இறங்கி வீடு சேர்தலே மறுபாதி.

முதலாவது, மலையைத் தேர்தல். கூட்டத்தில் வலியவனை அளவுகோலாகக் கொள்ளாது மெலியவரையே கொள்ளுதல் வேண்டும். சிறு பிள்ளைகளும் முதியோரும் உடன் வரின், எமக்கு அண்மையில் உள்ள மிகிந்தலை சாலச் சிறந்தது. வவுனியாவிலிருந்து மதவாச்சி வழியாகக் கண்டி வீதியிலே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றரில் அது வந்துவிடும். அடிவாரத்திலிருந்து 1,840 கருங்கற் படிகள் உண்டு. ஏற இயலாதார், பழைய வீதியால் இடைநிலைத் தரிப்பிடம் வரை வண்டியிற் சென்று, படிகளிற் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். மேல் முற்றத்திலே பாதரட்சையைக் களைய வேண்டுமாதலின், கல் சுடுமுன் காலையிலேயே ஏறுதல் நன்று.

எல்லா மலையும் ஏறுதற்கு உரியன அல்ல என்பதையும் அறிதல் வேண்டும். மேலும் தெற்கே தோன்றும் ரிதிகல 766 மீற்றர் உயரமுடையது. அது கடுங்காப்புக்கு உட்பட்ட இயற்கை ஒதுக்கிடம். அடிவாரத்துப் பழைய துறவிமடத்தின் இடிபாடுகளைக் காணலாமேயன்றி, உச்சிக்குச் செல்லுதற்குப் பொதுமக்களுக்கு இசைவு இல்லை.

சிவனொளிபாத மலையோ 2,243 மீற்றர். நல்லதண்ணி வழி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை உடையது, ஆயினும் குறியது. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல ஊடாக ஏறும் வழி நெடியது, கடியது. பழகிய கால்களுக்கே உரியது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையுள்ள யாத்திரைக் காலத்திலே வழியெங்கும் மின்விளக்கு எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். அப்போது இரவில் ஏறி உதயங் காணலாம். ஏனைய மாதங்களில் இருளும் காற்றும் மழையுமே துணை. அக்காலத்துக்குக் கூத்தன் சொன்னதே சட்டம்: விடிந்தபின் செல்லுக.

இரண்டாவது, வண்டியை நிறுத்துதல். அடிவாரத்துக்கு மிக அண்மையில் விடவேண்டும் என்னும் ஆசையாற் பலர் இடர்ப்படுகின்றனர். நல்லதண்ணி செல்லும் வீதி ஒடுக்கமானது. யாத்திரைக் காலத்து வார இறுதிகளிலே நெரிசல் மிக்கது. அரை மைல் முன்னரே உரிய தரிப்பிடத்தில் விட்டு நடத்தல் அறிவுடைமை. தேயிலைத் தோட்டப் பாதையை ஒருபோதும் மறித்தலாகாது. கொழுந்து ஏற்றும் லொறியும் நோயாளரைக் கொண்டு செல்லும் வண்டியும் அவ்வழியாலேயே வரவேண்டும். எம் உல்லாசத்தின் பொருட்டுத் தோட்டத்துத் தாய் ஒருத்தி வைத்தியசாலைக்குப் பிந்துதல் தகுமோ?

வண்டியின் முகம் வெளிச்செல்லும் திசையை நோக்கி நிற்கட்டும். சரிவாயின் கைப்பிரேக்கை மட்டும் நம்பாது கியரிலும் விட்டு, சில்லுக்குக் கல் அணை கொடுக்க. ஓடைக்கரையும் வெட்டுண்ட மண்மேட்டின் அடியும் ஆகா. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையால் மலைநாட்டிலே மண் சரிந்து ஊர்களை மூடியமையை யாம் மறத்தற்கில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்த பின்னரே புறப்படுக. குரங்குகள் உலவும் மிகிந்தலை, சீகிரியா போன்ற இடங்களிற் கண்ணாடிகளை முற்றாக மூடுதலும் நன்று.

மூன்றாவது, காலம். ஹோட்டன் சமவெளியின் உலக முடிவைக் காண்போர் காலை ஆறு மணிக்கே வாயிலில் நிற்றல் நலம். பத்து மணியளவில் முகில் எழுந்து பள்ளத்தை மூடிவிடும். அங்குள்ள சுற்றுவழி ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். பொலித்தீன் பைகளை உள்ளே கொண்டு செல்ல விடார்.

எல்லாவற்றினும் தலையாயது ஒன்று உண்டு. அது சாரதியின் உறக்கம். இரவு முழுதும் மற்றவரோடு மலையேறிய சாரதி, மறுநாட் காலை ஹற்றன் மலைவளைவுகளைக் கடந்து வவுனியா வரை வண்டி ஓட்டுதல் உயிரோடு விளையாடுதலாகும். ஒன்று, அவர் தரிப்பிடத்திலே உறங்குதல் வேண்டும். அன்றேல் கூட்டத்தார் ஒரு நாள் தங்கி மீளுதல் வேண்டும். வாடகை பேசும்போதே இதனைப் பேசிக்கொள்ளுதல் முறை. ஒரு நாட் செலவை மிச்சம் பிடிக்கப் பதினைந்து குடும்பங்களின் விளக்கைப் பணயம் வைத்தலாகாது.

பள்ளிகள் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. சுற்றுலா சென்று மீண்ட மாணவர், சென்ற வழி, வண்டி நிறுத்திய இடம், ஏறவும் இறங்கவும் சென்ற நேரம், நேர்ந்த இடர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அறிவித்தற் பலகையில் இடட்டும். அடுத்த ஆண்டு செல்வோர் அதனைப் படித்துப் புறப்படுவர். பிரியும் வழியிற் புல் முடிந்திடுதல் என்று பெருங்கௌசிகனார் சொன்னது இதுவே.