வரிச் சலுகையும் ஆராய்ச்சி நிதியும்

2025-26 நிதிநிலை அறிக்கை, புதிய வருமான வரி முறையில் ஆண்டு வருமானம் ரூ.12 லட்சம் வரை உள்ளோருக்கு வரி இல்லை என்று அறிவித்தது. இதனால் அரசு கைவிடும் வருவாய் சுமார் ரூ.1 லட்சம் கோடி. இச்சலுகையை நான் எதிர்க்கவில்லை. ஆனால், நிதிப் பற்றாக்குறையை 4.4 சதவீதமாகக் குறைக்கவும் அதே அறிக்கை இலக்கு வைத்தது. வளர்ச்சி ஈடுகட்டாவிட்டால் ஏதேனும் ஒரு செலவு சுருங்கியே தீரும்.

எது சுருங்கும்? கடனுக்கான வட்டியைத் தொட முடியாது. மானியத்தைத் தொட்டால் எதிர்ப்பு எழும். ஆய்வக நிதி குறைந்தால் தெருவில் இறங்குவோர் இல்லை. இழப்பு வெளித்தெரியவே பல ஆண்டுகள் ஆகும்.

ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம், தென் கொரியாவில் இது 4 சதவீதத்துக்கும் அதிகம். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 5 ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்ட ரூ.50,000 கோடியில் மத்திய அரசின் பங்கு ரூ.14,000 கோடி மட்டுமே. எஞ்சியதைத் தொழில் நிறுவனங்கள் உள்ளிட்டோரிடம் திரட்ட வேண்டும். அடிப்படை ஆராய்ச்சியின் பயன் முதலிட்டவரைத் தாண்டிப் பிறருக்கும் பரவுவதால், தனியார் அதில் போதிய அளவு முதலிடுவதில்லை. வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் கற்பித்த பாடம் இது.

நிதிப் பொறுப்புச் சட்டம் பற்றாக்குறைக்கு வரம்பு விதிப்பதுபோல, அரசின் ஆராய்ச்சிச் செலவுக்குக் குறைந்தபட்ச அளவையும் சட்டமாக்க வேண்டும். பஞ்ச காலத்திலும் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பவரே உழவர்.