இடம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் அகதிகளா?

பிறந்த ஊரை விட்டு வேறோர் இடத்தில் குடியேறுவதைப் புவியியல் 'இடம்பெயர்வு' என்கிறது. வேலையின்மை, வறட்சி, யுத்தம் போன்றவை தள்ளும் காரணிகள். நல்ல சம்பளம், படிப்பு, பாதுகாப்பு போன்றவை இழுக்கும் காரணிகள். வளைகுடாவுக்கு உழைக்கப் போகும் நம் சகோதரர்களிடம் இரண்டுமே உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்புவதால் அது தற்காலிக இடம்பெயர்வு.

கட்டாய இடம்பெயர்வு வேறு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் வெறும் இரண்டு மணித்தியாலம். இதில் இழுக்கும் காரணி எங்கே? புத்தளத்தை யாரும் ஆசைப்பட்டுத் தெரிவு செய்யவில்லை.

அவர்களை 'அகதிகள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கைப்படி, அகதி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர். புத்தளம் வந்தவர்களோ 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்'. வெறும் சொல் வித்தியாசமல்ல இது. அகதிக்கு அந்த உடன்படிக்கையின் பாதுகாப்பு உண்டு. இவர்களுக்குச் சொந்த அரசாங்கமே பொறுப்பு. இவர்களுக்கென ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்ததே 1998இல்தான்; அவையும் அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.

2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பிப் போனவர்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று புத்தளத்திலேயே தங்கியவர்களும் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போவது 'திரும்புதல்' ஆகுமா என்பதற்குப் பாடநூல் வகைகளில் விடை இல்லை.