அறிவுப்பல் அகற்றிய பின்

ஒலிகளின் பிறப்பிடங்களைக் கூறவந்த தொல்காப்பியர், எட்டு உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக வைத்து எண்ணினார். சொல்லையே தொழிலாகக் கொண்ட ஆசிரியனுக்குப் பல்நோய் என்பது வாய்ப்பூட்டேயாகும். அப்பூட்டைப் பத்து நாள் அணிந்திருந்த பட்டறிவும், பின்னர் மருத்துவரிடம் கேட்டும் நூல்களிற் கற்றும் தெளிந்த செய்திகளும் மாணவர்க்கும் பெரியோர்க்கும் பயன்படும் என எண்ணி இக்கட்டுரையை வரைகின்றேன்.

பெயரும் இடமும்

வாயின் கடைக்கோடியில், பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைப்பது மூன்றாம் கடைவாய்ப்பல். அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுவதால் இதனை ஆங்கிலத்தில் ‘விஸ்டம் டூத்’ என்றும், அரபியில் ‘ளிர்ஸுல் அக்ல்’ என்றும் வழங்குவர். தமிழில் அறிவுப்பல், ஞானப்பல் என்கிறோம். பெயர் பெரிதாயினும் இதற்குக் கிடைக்கும் இடமோ சிறிது. தாடையில் இடம் போதாமல் சாய்ந்தும், எலும்பினுள் புதைந்தும் நிற்குமாயின் ஈறு வீங்கும். உணவுத் துணுக்குகள் தங்கும். அண்டைப் பல்லும் சொத்தையாகும். அந்நிலையில் மருத்துவர் இதனை அகற்றுவர். துன்பம் தராத அறிவுப்பல்லை எல்லாரும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை.

நான் செய்த பிழை

என் கீழ்த்தாடைப் பல்லை எடுத்த மருத்துவர், “இன்று வாய் கொப்பளிக்க வேண்டா” என்று சொல்லியனுப்பினார். மரப்பு நீங்கிய இரவில் வலி தாளாது முனகிய என்னைக் கண்டு மனம் பொறாத என் உம்மா, வெந்நீரில் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, “நல்லாக் கொப்பளி வாப்பா, புண் ஆறிடும்” என்றார்கள். தாய்சொல்லைத் தட்ட மனமின்றி வேகமாகக் கொப்பளித்தேன். உறைந்த இரத்தக்கட்டி ஒன்று நீரோடு வெளிவந்தது. அதனைக் கழிவென்றே கருதினேன். மூன்றாம் நாள் காதுவரை தெறித்த வலி, அது கழிவன்று எனக் கற்பித்தது.

உறைகுருதியின் பணி

பல்லை எடுத்ததும் தாடை எலும்பில் குழி ஒன்று எஞ்சுகின்றது. அதில் ஊறும் குருதி உறைந்து, எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கின்றது. அதன்மேல்தான் புதிய தசை வளரும். உறைகுருதி பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளிப்பட்டுக் கடும் வலியும் தீநாற்றமும் தோன்றும். இதனை ‘டிரை சாக்கெட்’ என்பர்; உலர்குழி எனலாம். கீழ்த்தாடை அறிவுப்பல் எடுத்தவர்களுக்கும் புகைபிடிப்போர்க்கும் இது மிகுதியாக வரும். மருத்துவர் என் குழியைக் கழுவிக் கிராம்பு எண்ணெய் சேர்ந்த மருந்தை உள்ளே வைத்துக் கட்டினார். அதன் பின்னரே உறக்கம் கூடிற்று.

ஆறும் முறை

முதல் நாள்: கடிக்கக் கொடுத்த மருந்துத்துணியை அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அசையாது அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். உமிழ்நீர் சற்றுச் சிவந்திருப்பது இயல்பே. எனினும் காறித் துப்புதல், குழல்கொண்டு உறிஞ்சிக் குடித்தல், கொப்பளித்தல் ஆகியன ஆகா. கன்னத்தின் வெளிப்புறத்தில் துணியில் பொதிந்த பனிக்கட்டியை 20 நிமிடம் வைத்தும் எடுத்தும் வரலாம். தலையணையை உயர்த்திப் படுப்பது நன்று. சூடான தேநீரைத் தவிர்க்க.

இரண்டாம் நாள் முதல்: ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப்பின் மெதுவாக வாயில் சுழற்றி, தானே வழியவிடுக. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைந்து பின்னர் வடியும். அது கண்டு அஞ்ச வேண்டா. வாய் முழுதும் திறக்க இயலாமை சில நாள் நீடிக்கலாம். நோன்புக் காலத்தில் நம் இல்லங்களில் காய்ச்சும் கஞ்சியைப் போலக் குழைந்த, காரமில்லாத உணவை ஆறவைத்து உண்க. தயிர்சோறும் ஏற்றது. பிற பற்களை வழக்கம்போல் துலக்குக.

புகை, வெற்றிலைபாக்கு, புகையிலை ஆகியவற்றைப் புண் ஆறும்வரை விலக்குக. மருத்துவர் தந்த மாத்திரைகளை வலி நின்றதும் நிறுத்திவிடாமல், அவர் சொன்ன முறைப்படி உண்க. ஈறு மூடச் சில வாரங்களும், எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும்.

தாமதிக்கலாகாதவை

நீரிழிவு உடையோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லுதல் கடமை. அம்மருந்தைத் தாமே நிறுத்துதல் தவறு. அழுத்திக் கடித்தும் இரத்தம் நில்லாமை, காய்ச்சல், மூன்று நாளுக்குப் பின்னும் பெருகும் வீக்கம், மறுநாளும் நீங்காத உதட்டு மரப்பு ஆகியவை தோன்றின் மருத்துவரை நாடுக. விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால் நொடியும் தாழ்க்காது மருத்துவமனைக்கு விரைக.

நடந்ததை அறிந்த உம்மா பெரிதும் வருந்தினார்கள். “உப்புநீர் நல்ல மருந்துதான், ஒருநாள் முந்திக் கொடுத்ததுதான் பிழை” என்று மருத்துவர் அவர்களைத் தேற்றினார். அன்பினால் கொடுக்கும் மருந்துக்கும் உரிய வேளை உண்டு. எனவே மருத்துவமனைக்குச் செல்லும் மாணவர், தம்மைப் பேணவிருக்கும் தாயையும் உடன் அழைத்துச் செல்வாராக! மருத்துவர் கூறும் அறிவுரையை இருவரும் சேர்ந்தே கேட்பார்களாக!