லாரியின் முதுகில் ஒரு வீடு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பழைய மோட்டார் ஹோம் ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் டிரெய்லர் லாரி வருகிறது என்றாலே கை இறுகிவிடும். லாரி முன்னே தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் வண்டியின் வாலை ஓரமாகத் தள்ளும். மூக்கு லாரிப் பக்கம் திரும்பும். ஸ்டீயரிங்கை ஒடித்துச் சமாளிப்பதற்குள் லாரி பக்கத்தில் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே காற்றழுத்தம் குறைந்து, இப்போது வண்டி லாரியை நோக்கி இழுபடும். நாள் முழுக்க இதே மல்யுத்தம்தான்.

வீடு என்று பெயரே தவிர, அடியில் இருப்பது லாரி. ஃபோர்டு எஃப்-53 போன்ற மொட்டைச் சேஸிஸை வாங்கி, அதன்மேல் சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் கட்டுகிறார்கள். பின் அச்சைத் தாண்டி நீளமான வால் வேறு. அந்த வாலில் ஏற்றும் பாரம் நெம்புகோல் மாதிரி முன் அச்சைத் தூக்கும். ஸ்டீயரிங் பிடிப்பு தளரும்.

ஆகவே பாகம் வாங்கக் கடைக்கு ஓடுமுன் எடைமேடைக்குப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, துணிமணி எல்லாம் ஏற்றிய பிறகு, முடிந்தால் வண்டியின் ஒவ்வொரு மூலையையும் தனியாக எடை போட வேண்டும். அந்த எடைக்கு எவ்வளவு காற்று என்பது டயர் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் உள்ள அழுத்தம் முழுப் பாரத்துக்கானது. பாரம் குறைவாக இருக்கும்போதும் அதையே அடித்தால் டயர் கல்லாகிவிடும். குறைத்து அடித்தாலோ சூடேறி வெடிக்கும். டி.ஓ.டி. வரிசையின் கடைசி 4 இலக்கங்களையும் பாருங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும்.

எனக்குப் பிடித்த வைத்தியம் காசில்லாதது. வளைவில் வண்டி சாயாமல் தடுக்க, அச்சுக்கருகே ‘ப’ வடிவில் ஒரு முறுக்குக் கம்பி உண்டு: ஸ்வே பார். பல எஃப்-53 வண்டிகளில் அதன் நுனியில் 2 துளைகள் இருக்கும். இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றினால் போதும், கம்பியின் கை குட்டையாகி விறைப்பு கூடும். நீள ஸ்பேனருக்கு இளகும் நட்டு குட்டை ஸ்பேனருக்கு மசியாது அல்லவா, அதே கணக்கு. காசு இருந்தால் தடித்த கம்பியே போடலாம். முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 சதவீதம் தடித்தால் ஏறத்தாழ 46 சதவீதம் விறைப்பு கூடும்.

இதற்குப் பிறகும் வால் பக்கவாட்டில் ஆடினால், சேஸிஸ் அச்சின் மேல் நகர்கிறது என்று பொருள். கமான் பட்டையின் புஷ்கள் நெகிழ்ந்து இடம் கொடுக்கின்றன. சேஸிஸையும் அச்சையும் குறுக்கே பிணைக்கும் ட்ராக் பார் அதை அடக்கும். ஷாக் அப்சார்பரை மாற்றிப் பயனில்லை: அது துள்ளலைத்தான் அடக்கும், பாரத்தைத் தாங்காது. தொங்கிப்போன பட்டைக்கு அது மருந்தாகாது.

ஸ்வே பாரை விறைப்பாக்குவதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் சேர்ந்து குலுங்கும். தட்டுகளுக்கு நடுவே துண்டு செருகி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.