எலும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது



பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்து, நிமிர முடியாமலே இருந்த ஒரு பெண்ணை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். அந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் நம் மலையின் பாட்டிமார்தான் நம் கண்முன் வருகிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள். நேராக நடந்தவர்கள் இன்று முன்னால் வளைந்துவிட்டார்கள். சேலையின் முன்பக்கம் தரையில் இழுபடுகிறது. "வயசாகிவிட்டது" என்று சொல்லி நாமும் கடந்து போகிறோம். ஆனால் பலருக்கு அது வெறும் வயது அல்ல. உள்ளே எலும்பு மெலிந்து, முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கியிருக்கின்றன. மருத்துவர்கள் இதை எலும்புப்புரை என்கிறார்கள்.

நோயைக் கண்டுபிடித்து மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம். நான்கு வாரம் போடுகிறார்கள். நெஞ்சு எரிகிறது, வயிறு புரட்டுகிறது. மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த முறை மருத்துவர் "மாத்திரை போடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டால், "போடுகிறேன் சார்" என்று தலையாட்டுகிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இந்த ஒரு மரியாதை நமக்கே கேடாக முடிகிறது. நாம் நிறுத்தியது தெரிந்தால்தானே அவர் வேறு வழி பார்க்க முடியும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. மூட்டு தேய்வதையும் எலும்பு மெலிவதையும் "எலும்புத் தேய்மானம்" என்ற ஒரே பெயரில் அழைத்துப் பழகிவிட்டோம். "மாத்திரை போட்டும் முழங்கால் வலி குறையவில்லையே" என்று நிறுத்தியவர்கள் பலர். இந்த மாத்திரை முழங்கால் வலிக்கு உரியதே அல்ல. எலும்புப்புரை, எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பக்கவிளைவு நம் உடம்புக்குத் தெரிகிறது; நன்மையோ, நடக்காமல் போன ஒரு முறிவு. அது யாருக்குத் தெரியும்? அதனால்தான் தராசு எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்கிறது.

வாரம் ஒன்று என்று தரப்படும் மாத்திரையை முதலில் பார்ப்போம். அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம். விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. ஆகவே அதை வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் எதையும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. இங்கேதான் நம் மலைக்காரர்களுக்குச் சோதனை! கண் விழித்ததும் கையில் தேநீர் இல்லாவிட்டால் நமக்குப் பொழுது விடிவதில்லை. குளிரில் சூடாக ஒரு வாய் தேநீரோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, மறுபடி கம்பளிக்குள் சுருண்டுகொள்கிறோம். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. காப்பியோடு சாப்பிட்டால் உடலில் சேரும் அளவு ஏறத்தாழ 60 சதவீதம் குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். பால் கலந்த தேநீரென்றால் பாலின் சுண்ணாம்புச் சத்தும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். படுத்துவிட்டாலோ மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்குகிறது. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மாத்திரை அல்ல, சாப்பிட்ட முறைதான். கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது. அதை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளிவிடலாம்.

சரியாகச் சாப்பிட்டும் எரிச்சல் நிற்காதவர்கள் உண்டு. விழுங்கும்போது வலித்தாலோ, சோறு நெஞ்சில் அடைத்தாலோ, அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொறுத்துக்கொண்டு போட வேண்டிய வலி அல்ல இது. ஏற்கெனவே உணவுக்குழாயில் சிக்கல் உள்ளவர்களுக்கும், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் இந்த மாத்திரையே கூடாது. அதற்காக அவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, நரம்பு வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. அது வயிற்றைத் தொடுவதே இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஏற்றிய முதல் மூன்று நாட்களில் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி வரலாம். 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களில், முதல் முறை ஏற்றியபோது 100 பேரில் சுமார் 32 பேருக்கு இத்தகைய தொல்லைகள் வந்தன. இரண்டாம் ஆண்டு அது 7 பேராகவும், மூன்றாம் ஆண்டு 3 பேராகவும் குறைந்தது. இது தெரியாமல் முதல் காய்ச்சலிலேயே பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மருத்துவர் அனுமதித்தால் பாராசிட்டமால் போடலாம். அன்று நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கோவையில் மருந்தை ஏற்றிக்கொண்டு அன்று மாலையே தனியாகப் பேருந்தில் ஏறி, குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியபடி வருவதைத் தவிர்க்கலாமே! ஒருவர் துணைக்கு வரட்டும், மறுநாளும் வீட்டில் ஒருவர் இருக்கட்டும். மருந்து ஏற்றுமுன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை தேவை. மூடுபனியும் ஸ்வெட்டரும் நம் தோலுக்கு வெயிலைக் குறைத்துவிடுகின்றன. வைட்டமின் டி குறைந்த நிலையில் ஏற்றினால் கால்சியம் இறங்கி, வாயைச் சுற்றி மரத்து, கை கால் இழுக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மருந்து இல்லாதவர்களில் 100க்கு 11 பேருக்கு முதுகெலும்பு முறிவு வந்தது; மருந்து பெற்றவர்களில் 3 பேருக்குத்தான். தாடை எலும்பு அழுகிவிடும் என்ற பயம் நம் காதுக்கும் வந்திருக்கிறது. அந்த ஆய்வில் அப்படி நேர்ந்தது இரு தரப்பிலும் ஒவ்வொருவருக்குத்தான். அபாயமே இல்லை என்று சொல்லவில்லை. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது மிக அரிது. மருந்து தொடங்குமுன் பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது. வெற்றிலையோடு புகையிலை போட்டு ஈறு கெட்டிருப்பவர்கள் கட்டாயம் போக வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பு லேசான அடியிலேயே முறிவதும் அரிதாக நடக்கிறது. அதற்கு முன்னால் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருக்கும். அதைச் சொல்லிவிட வேண்டும். இதனால்தான் ஐந்து ஆண்டு மாத்திரைக்குப் பிறகு, அல்லது மூன்று ஆண்டு ஊசிக்குப் பிறகு, ஆபத்து குறைந்தவர்களுக்கு மருத்துவர்களே இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இடைவெளியே விடக் கூடாத மருந்தும் ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இதைப் பல நேரம் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற மருந்துகள் எலும்பில் தங்கி, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் வேலை செய்கின்றன. இது அப்படியல்ல. தேதி தவறினால் எலும்பு வேகமாக இளைத்து, முதுகெலும்பில் பல இடங்களில் ஒரே காலத்தில் முறிவு வரக்கூடும். பணத்தட்டுப்பாட்டாலோ, மகன் ஊரில் இல்லாததாலோ ஒரு ஊசியைத் தள்ளிப்போட நினைப்பவர்கள், தள்ளிப்போடுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குப் பின் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும்.

"இதெல்லாம் வேண்டாம், பிரண்டைத் துவையலும் கேழ்வரகுக் களியும் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேழ்வரகு நல்லதுதான். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலில் அதே அளவுக்குச் சுமார் 120தான். தாராளமாகச் சாப்பிடுவோம், துவையலும் அரைப்போம். ஆனால் ஒரு முறை முறிந்துவிட்ட எலும்புக்காரருக்கு உணவு மட்டும் போதாது. மருந்து வேலை செய்ய உணவும் தேவை என்பதே சரி. மூட்டு வலிக்கென்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளைப் பற்றி நமக்குக் கடுமையான கருத்து உண்டு. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. எலும்பை அரிப்பதில் ஸ்டீராய்டுக்கு நிகர் வேறு மருந்து குறைவு. இன்னொன்று: 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியைப் பெரும்பாலும் வாரம் ஒன்று என்றுதான் எழுதுவார்கள். தினம் ஒன்று கலக்கிக் குடித்து வாந்தியோடு மருத்துவமனையில் படுத்தவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து எதுவானாலும், விழுந்தால் முறியும். 1994 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரே குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். நம் லைன் வீடுகளில் கழிப்பறைக்குப் போகும் வழி மழைக்காலத்தில் பாசி படிந்து கிடக்கிறது. ஒரு கைப்பிடிக் கம்பியும் இரவு விளக்கும் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. அன்பிய இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலையில் நான்கு வீடுகளுக்குச் செய்து கொடுக்கலாம்.

கடைசியாக, சில அம்மாமார் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்ட ஒரு சந்தேகம். வார மாத்திரையை மறக்காமலிருக்க ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறார்கள். காலைத் திருப்பலிக்கு முன் அதைப் போட்டால் நற்கருணை நோன்பு முறியுமா? முறியாது. தண்ணீரும் மருந்தும் அந்த ஒரு மணி நேர நோன்பில் சேராது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அந்த நேரக் கணக்குகூட இல்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் நற்கருணை வாங்கலாம். திருச்சபை விட்டுக்கொடுக்கிறது, மாத்திரைதான் விட்டுக்கொடுப்பதில்லை! ஆகவே எழுந்ததும் மாத்திரையும் தண்ணீரும். பிறகு சேலை மாற்றி, கைத்தடியோடு கோயிலுக்கு நடந்து வருவதற்குள் நிமிர்ந்திருக்க வேண்டிய அரை மணி நேரம் போய்விடும். முழந்தாள்படியிட முடியாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தே செபிக்கலாம். தேநீரைத் திருப்பலி முடிந்து வீட்டில் நிதானமாகக் குடிக்கலாம்.