மூச்சு முட்டாதபோதுதான் ஆபத்து

கிணற்றுமேட்டிலும் குளத்துப் படியிலும் நகரத்து நீச்சல்குளத்திலும் ஒரே உபதேசம்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. “முங்குறதுக்கு முன்னாடி பத்துப் பதினைஞ்சு தடவ நல்லா மூச்ச இழுத்து இழுத்து விடுடா. அப்புறம் பாரு, எவ்வளவு நேரம் தம் கட்டலாம்னு.” சொல்பவர் பெரும்பாலும் கூட்டத்திலேயே நன்றாக நீந்தத் தெரிந்த அண்ணனாக இருப்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. அப்படிச் செய்தவன் உண்மையிலேயே கூடுதல் நேரம் உள்ளே இருப்பான். பலிக்காத உபதேசமாக இருந்திருந்தால் என்றைக்கோ வழக்கொழிந்து போயிருக்கும். பலித்துத் தொலைப்பதுதான் வினை.

எவ்வளவு பலிக்கிறது என்பதை அமெரிக்காவில், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஆல்பர்ட் கிரெய்க் 1961-இல் அளந்து வெளியிட்டார். சும்மா இருந்தபடி மூச்சைப் பிடித்தவர்கள் சராசரியாக 87 விநாடி தாக்குப்பிடித்தார்கள். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை வாங்கி விட்ட பிறகு அது 146 விநாடி ஆயிற்று. ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடுதல். அந்த ஒரு நிமிடத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பகுதி எங்கிருந்தும் வரவில்லை. ஏற்கெனவே உடம்பில் இருந்ததைத்தான் அவர்கள் இன்னும் அடிமட்டம் வரை சுரண்டிச் செலவழித்திருக்கிறார்கள்.

ஆரோக்கியமான ஒருவர் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98 விழுக்காடு நிரம்பித்தான் இருக்கும். மேற்கொண்டு எத்தனை தடவை இழுத்தாலும் ரத்தத்தில் ஏற இடமில்லை; நுரையீரலுக்குள் இருக்கும் காற்றில் மட்டும் கொஞ்சம் கூடும். மறுபக்கம், ஒவ்வொரு வெளிமூச்சிலும் கரியமில வாயு தாராளமாக வெளியேறுகிறது. ரத்தத்தில் சாதாரணமாக 40 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும் அதன் அழுத்தம், தொடர்ந்து வேகமாக மூச்சு விட்டால் 20 வரைக்கும் இறங்கிவிடும். மருத்துவர்கள் இதைத்தான் ‘ஹைப்பர்வென்டிலேஷன்’ என்கிறார்கள்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தோன்றும். கரியமில வாயு கழிவுதானே, போனால் போகட்டுமே! ஆனால் ‘மூச்சு முட்டுகிறது, மேலே வா’ என்று நம்மை உலுக்குவது அந்தக் கழிவுதான். ஆக்சிஜன் குறைவதை மூளை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை; அது மிகவும் தாழ்ந்த பிறகே லேசாக விழித்துக்கொள்கிறது. நாம் எப்போது, எவ்வளவு மூச்சு விடவேண்டும் என்பதைக் கரியமில வாயுவே தீர்மானிக்கிறது என்று 1905-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற உடலியல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆக, குதிப்பதற்கு முன் மூச்சை இழுத்து இழுத்து விடுபவர் செய்வது, டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் ஊற்றாமல் முள்ளை மட்டும் ‘ஃபுல்’ பக்கம் நகர்த்தி வைக்கும் வேலை.

அதன் பிறகு நடப்பது எளிமையானது, கொடூரமானது. கரியமில வாயு மிகவும் தாழ்ந்த இடத்திலிருந்து மெல்ல ஏறி, முட்டுகிற அளவை எட்ட நேரமாகும். ஆக்சிஜனோ வழக்கமான வேகத்திலேயே கரைகிறது. கைகால் அடித்து நீந்தினால் பல மடங்கு வேகத்தில். முட்டுவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால், நினைவு தப்பும். பெரும்பாலும் கண் இருட்டாது, நெஞ்சு அடைக்காது, தவிப்பும் இருக்காது. வேகமூச்சு இன்னொரு தீங்கையும் செய்கிறது: கரியமில வாயு குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். விரல் நுனியும் உதடும் மரமரப்பது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அந்தச் சமயத்தில் வருபவைதான். ‘உடம்பு தயாராயிருச்சு’ என்று பலர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

நீருக்கடியில் நீந்தும்போதும் மூழ்கும்போதும் நினைவிழந்த 58 பேரின் விவரங்களைக் கிரெய்க் 1976-இல் தொகுத்தார். பிழைத்து எழுந்தவர்களின் அனுபவங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: பெரிதாக மூச்சு முட்டவில்லை, முட்டினாலும் சமாளிக்கும்படிதான் இருந்தது. நினைவு மங்கும் வரை நீந்திக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. இவர்களில் யாரும் நீச்சல் தெரியாமல் கிணற்றில் விழுந்தவர்கள் அல்ல. முங்கிப் பழகாதவன் பத்தாவது விநாடியிலேயே பயந்து மேலே வந்துவிடுவான். ‘இன்னும் ஒரு சுவர் தொட்டுடலாம்’ என்று வைராக்கியம் பிடிப்பவனைத்தான் இந்த மயக்கம் தேடிப் பிடிக்கிறது. பந்தயம் என்று வந்துவிட்டால், அதுவும் கரையில் கைதட்ட நாலு பேர் நின்றால், சொல்லவே வேண்டாம்.

நீச்சல்குளத்தில் இது. கடலில் இன்னொரு கணக்கு சேர்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே ஒருவருடைய நுரையீரல் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 4 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் அதன் அழுத்தம் 60 மி.மீ.யை ஒட்டி இருக்கும். மூளைக்கு அது போதும். ஆளும் தெளிவாகத்தான் இருப்பார். மீனைக் குறிவைப்பார், சிப்பியைப் பொறுக்குவார். மேலே வர வர வெளியழுத்தம் குறைகிறது. நுரையீரல் விரிகிறது. அதே 4 விழுக்காடு மேற்பரப்பில் 30 மி.மீ.க்கும் கீழே போய்விடுகிறது. நினைவு தப்பும் எல்லை ஏறக்குறைய அதுதான். அழுத்தம் பாதியாவது கடைசிப் பத்து மீட்டரில் என்பதால், ஆழத்தில் ஒன்றும் ஆகாதவர் வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகு மயங்குகிறார். சில சமயம் தலை வெளியே வந்து ஒரு மூச்சு எடுத்த பிறகும்கூட. அந்தக் காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகுமே!

மூச்சை அடக்கியே பிழைப்பு நடத்துகிறவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? கொரியாவின் ஹேன்யோ, ஜப்பானின் அமா எனப்படும் முக்குளிக்கும் பெண்களை சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் என்ற இரு ஆய்வாளர்கள் 1960-களில் கூடவே இருந்து ஆராய்ந்தார்கள். துணையில்லாமல் நீந்தி இறங்குபவர்கள் 5 முதல் 10 மீட்டர் ஆழம் போய், முப்பது விநாடியில் மேலே வந்து, முப்பது விநாடி இளைப்பாறி, மறுபடி இறங்கினார்கள். மணிக்கு அறுபது முறை. படகிலிருந்து எடைக்கல்லோடு இறங்குபவர்கள் 20 மீட்டர் வரை போனார்கள். ஒரு நிமிடம் உள்ளே, ஒரு நிமிடம் வெளியே, மணிக்கு முப்பது முறை. அடித்தரையில் கிடைக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரு சாராருக்கும் மணிக்குப் பதினைந்து நிமிடம்தான்! ஒரே முழுக்கில் மூன்று நிமிடம் இருந்து காட்டவேண்டும் என்ற ஆசை இவர்களில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கூலி முழுக்கின் எண்ணிக்கையில் இருக்கிறது, நீளத்தில் இல்லை. இறங்குமுன் இவர்களும் சற்று வேகமாக மூச்சு விடுவார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் ஐந்து, பத்து விநாடிதான். எவ்வளவு விடுகிறோம் என்பதைப்போலவே, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் ஆபத்தை முடிவு செய்கிறது. அவர்கள் இரண்டையுமே கையடக்கமாக வைத்துக்கொண்டார்கள்.

படகிலிருந்து எடைக்கல்லோடு இறங்கும் ஜப்பானியப் பெண்ணுக்கு மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் கணவர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் கல்லும் கயிறும் இருந்தன. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் அது பெரிய அளவில் நடக்கவில்லை. ஆனால் மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாகத்தான் இருப்பான், அக்கா தங்கை தாலி அவன் கையில் என்பதால் கண் அசர மாட்டான் என்ற பேச்சு இன்னும் கடலோரத்தில் இருக்கிறது. எத்தனை பேர் அப்படிச் செய்தார்களோ! ஆனால் கீழே போனவரின் உயிர் மேலே விழித்திருப்பவரிடம் இருக்கிறது என்பது அந்தத் தொழிலுக்குத் தெரிந்திருந்தது. மூச்சடக்கி மூழ்கும் ‘ஃப்ரீடைவிங்’ விளையாட்டுக்கான பள்ளிகள் இன்று கற்றுக்கொடுப்பதும் அதுதான். ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே. வந்தவரை அரை நிமிடமாவது கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும். உள்ளே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது ஓய்வெடுக்காமல் அடுத்த முழுக்கு கூடாது.

இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத இடம் நம் நீச்சல்குளம்தான். நியூயார்க் மாநிலத்தில் 1988 முதல் 2011 வரை இப்படி மூச்சடக்கி விபத்துக்குள்ளான 16 பேரைப் பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு பேர் இறந்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரிலும் இது நடக்கும். துள்ளலும் கூச்சலும் இல்லாததால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அடியில் அசையாமல் கிடப்பவனைப் பார்த்து, ‘பய தம் கட்டுறான்’ என்று உயிர்காப்பாளரே நினைத்துக்கொண்டு நிற்கலாம். அப்படி நிற்பதில் வீணாகும் ஒன்றிரண்டு நிமிடம் சாதாரண நிமிடம் இல்லை. ஆக்சிஜனை ஏற்கெனவே செலவழித்துவிட்ட உடம்பின் நிமிடம்.

பிராணாயாமம் பழகுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஸ்திரிகாவில் வேகமாக மூச்சை விட்டு வாங்கி, பிறகு அடக்கும்போது வெகுநேரம் முட்டாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன கரியமில வாயுக் கணக்குத்தான். பாயில் உட்கார்ந்து செய்து தலை சுற்றினால் பக்கத்தில் சாய்ந்துகொள்ளலாம். அதே பயிற்சியை முடித்த கையோடு தண்ணீரில் குதித்தால் சாய்ந்துகொள்ள இடமில்லை. டச்சுக்காரர் விம் ஹாஃபின் மூச்சுப் பயிற்சி உலகெங்கும் பிரபலம். தண்ணீருக்குள்ளோ தண்ணீர் அருகிலோ செய்யாதே என்று அவருடைய தரப்பே எச்சரிக்கிறது. யூடியூபில் பதினேழு நிமிடம், இருபது நிமிடம் என்று வரும் சாதனைகள் தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டு, சுற்றிலும் ஆட்களை நிறுத்திச் செய்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு ஊர்க் குளத்துக்குப் போகவேண்டாம்.

யாராவது இப்படி மயங்கினால், முதல் வேலை முகத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருவது. நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பலர் உடனே மூச்சை இழுத்துவிடுவார்கள். இழுக்காவிட்டால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கவேண்டும். இதயம் திடீரென நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்துவது முதலில் வருகிறது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் காற்று, பிறகுதான் அழுத்தம். சினிமாவில் வருவதுபோல வயிற்றை அமுக்கித் தண்ணீரைப் பீய்ச்சுவதும், ஊரில் செய்வதுபோலத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் நேரத்தைத் தின்னும்; வாந்தி நுரையீரலுக்குள் போய்விடவும் கூடும். ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மயங்கியவன் தெளிந்ததும் எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்லண்ணே, இன்னொரு தடவ” என்பான். அன்றைக்கு அவனைத் தண்ணீரில் இறங்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே போன கொஞ்சம் தண்ணீர்கூடச் சில மணி நேரம் கழித்து மூச்சைத் திணறடிக்கலாம்.